நூற்றுக்கு முப்பத்தொன்று

என் அண்ணன் எழுதி நடித்த நாடகத்துக்கு நான் நூற்றுக்கு முப்பத்தொன்று மதிப்பெண் கொடுத்தேன். கதைக்கு முப்பதில் ஆறு, வசனத்துக்கு இருபதில் நான்கு, நடிப்புக்கு முப்பதில் பதினான்கு, இசைக்குப் பத்தில் நான்கு, மேடைக்குப் பத்தில் மூன்று. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் மாதம் இருமுறை அச்சாகிவந்த ஒரு சிறிய தமிழ்ப் பத்திரிகையில் அது வெளிவந்தது. எழுதியவர் பெயர் போடவில்லை. எழுபதுகளின் முற்பகுதி அது. அந்த எண்ணை எப்படிப் போட்டேன் என்பதை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்களுக்கு நல்லேப்பிள்ளியில் வயலும் வீடும். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். பத்தொன்பது வயதில் என்னைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாவது வருஷம் என் கணவர் வேறொரு பெண்ணைத் தோட்டத்து வீட்டில் கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். மத்தியான வெயில். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டு, "சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கறவளுக்கு இங்க என்ன இருக்குது?" என்றார்.

எனக்கு அப்போது எங்கிருந்து பேச்சு வந்தது என்று தெரியவில்லை. "சோறு போட வேண்டாமுங்கப்பா. ஒரு மூல போதும். மூலைக்கு வாடக கேட்டீங்கன்னா அதையும் சம்பாரிச்சுக் குடுத்தர்றேன்" என்றேன். அம்மா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் கட்டுத்தறியில் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி குனிந்து வைக்கோலை உதறினார். அப்பா விலகி வழிவிட இருட்டும் நேரமாகிவிட்டது. அதுவரை பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததையும் சொல்லாவிட்டால் அண்ணனுக்கு அநியாயம் செய்தவளாவேன். எனக்கு வேலை வாங்கித் தந்தது அவர்தான். சித்தூர் அரசுக் கல்லூரி நூலகத்தில் ஓர் உதவியாளர் இடம் காலியாக இருப்பதைக் கேள்விப்பட்டு, மலையாளத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, நான்கு முறை பாலக்காட்டுக்கு அலைந்தார். "இந்தா அம்மிணி, ஒப்புப் போடு" என்று கையெழுத்துக்குத் தாளை நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வேலைதான் கடைசிவரை எனக்குச் சோறு போட்டது.

அண்ணனுக்கு நாடகப் பைத்தியம். கோயில் நோன்புத் திருவிழா, வாசகசாலை ஆண்டு விழா, அறுப்பு முடிந்த களம் என்று எங்கே நாடகம் நடந்தாலும் போய்விடுவார். எனக்கு வேலை கிடைத்த பிறகு என்னையும் கூட்டிப்போகத் தொடங்கினார். கணவனை விட்டு வந்தவளை அண்ணன் கூட்டிக்கொண்டு போனால் ஊர் ஒன்றும் சொல்லாது. திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசுவார். இந்த இடத்தில் அவன் உட்கார்ந்திருக்கக் கூடாது, அந்தப் பாட்டு எதற்கு, அம்மாவாக வந்தவர் புடவைத் தலைப்பைத் தொட்டதிலேயே அழுகை வந்துவிட்டது, பிறகு எதற்கு ஒப்பாரி என்று. நான் கேட்டுக்கொண்டே வருவேன். எனக்கும் ஒரு கண் திறந்ததென்றால் அந்த நடைகளில்தான்.

பத்திரிகையோடு எனக்குத் தொடர்பு வந்தது நூலகச் சீட்டுகளால். புத்தகத்துக்குள் ஒட்டும் தேதிச் சீட்டுகளை அச்சடிக்கச் சித்தூர்க் கடைத்தெருவில் இருந்த ஓர் அச்சகத்துக்கு என்னை அனுப்புவார்கள். அதன் உரிமையாளர் பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். கல்யாணப் பத்திரிகையும் சினிமா நோட்டீசும் அடித்துப் பிழைத்துக்கொண்டு, ஆசைக்காகத் தானே ஆசிரியராக இருந்து தமிழில் ஒரு பத்திரிகையும் நடத்தினார். நாற்பது வயதிருக்கும். கை எப்போதும் மையாக இருக்கும். ஒருநாள் ஒரு தாளை என் முன்னால் போட்டார்.

"படிங்கம்மா. நம்ம பத்திரிகைக்கு நாடக விமர்சனம் எழுதற ஆளு எழுதினது. இதுல நாடகம் எங்கியாச்சும் இருக்குதா? அந்தக் குழுக்காரங்க வாங்கிக் குடுத்த காப்பியும் வடையுந்தான் இருக்குது."

படித்தேன். நானும் பார்த்த நாடகம்தான். அதில் கதாநாயகன் வசனம் மறந்து மூன்று முறை உள்ளே போய்விட்டு வந்தான். விமர்சனத்தில் அவன் 'உணர்ச்சிப் பிழம்பு'. நான் சிரித்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இதையே எழுதிக் குடுங்க. பேரு போட வேண்டாம். யாருன்னு தெரிஞ்சாத்தானே காப்பி வாங்கிக் குடுப்பாங்க" என்றார்.

மதிப்பெண் போடும் யோசனை அவருடையது. பத்தி பத்தியாகப் படிக்க யாருக்குப் பொறுமை, எண்ணைப் பார்த்தால் போதும் என்றார். எப்படிப் பிரிப்பது என்பது என் ஏற்பாடு. கதைக்கு இவ்வளவு, நடிப்புக்கு இவ்வளவு என்று நான் கோடு போட்டு எழுதிக் கொடுத்தபோது எனக்கே ஒரு தெம்பு வந்தது. என் வாழ்க்கையில் எல்லோரும் எனக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். முதல்முறையாக நான் ஒரு தீர்ப்புச் சொல்லப்போகிறேன், அதுவும் யாரிடமும் சாயாத தீர்ப்பு. பிடித்தவர், பிடிக்காதவர், சாதிக்காரர், தெரிந்தவர் என்று எதுவும் அந்தக் கட்டங்களுக்குள் நுழைய முடியாது என்று நம்பினேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. திரை அறுந்து கதாநாயகன் தலையில் விழுந்த ஒரு நாடகத்துக்கு நாற்பத்திரண்டு கொடுத்தேன். அதிகபட்சம் எழுபத்திரண்டு. பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி வரைக்கும் நாடகம் போடுகிறவர்கள் அந்தப் பத்திரிகையை வாங்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். அதில் ஐம்பதுக்குக் கீழே வந்தால் விழாக்காரர்கள் கூப்பிட யோசிக்கிறார்கள் என்று ஆசிரியர் பெருமையாகச் சொல்வார். அண்ணனும் தவறாமல் படிப்பார்.

"இவன் கண்ணுல ஒண்ணும் தப்பறதில்ல அம்மிணி. நான் என்ன நெனைக்கறனோ அதையே எழுதறான். யாருன்னு தெரிஞ்சா ஒரு நாளைக்காவது பாத்துப் பேசோணும்" என்றார்.

அது நான்தான் என்று சொல்லவில்லை. வீட்டில் தெரிந்தால் எழுத விடமாட்டார்கள் என்பது ஒரு காரணம். அவர் நினைப்பதையே அவன் எழுதுகிறான் என்றால், அதில் பாதி அவர் வழியில் பேசிக்கொண்டு வந்ததுதான் என்பது இன்னொன்று.

ஒரு வருஷம் தை அறுப்புக்குப் பிறகு அண்ணன் தானே ஒரு நாடகம் எழுதினார். ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி, என்னிடம்கூடக் காட்டாமல் வைத்திருந்தார். "மேடையில பாரு. உனக்காகத்தான் எழுதியிருக்கறேன்" என்று மட்டும் சொன்னார். ஊர்ப் பையன்கள் நான்கைந்து பேரும், கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வரவழைத்த ஒரு நடிகையுமாக ஒத்திகை நடந்தது. சித்தூரில் ஒரு நெல் மில் களத்தில், மாலை ஆறு மணிக்கு அரங்கேற்றம். நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் பாயில் நான் உட்கார்ந்திருந்தேன். அப்பா வரவில்லை. நாடகம் என்றாலே அவருக்குக் கூத்தாடிப் பிழைப்பு.

திரை தூக்கியபோது ஒரு வீட்டு வாசல். ஒரு பெண் பெட்டியோடு வந்து நின்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. அப்பாவாக நடித்தவர் வாய் திறந்த பிறகுதான் அது எங்கள் வாசல் என்று தெரிந்தது. அந்த நடிகை கண்ணில் நீர் வழிய, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நான் சொன்னதைச் சொன்னாள். மூலை, வாடகை, எல்லாம். ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனால் நான் அதை மெல்லச் சொல்லியிருந்தேன். அவள் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள். கூட்டம் கை தட்டியது. என் பக்கத்திலிருந்த பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏனுங்க, இது நம்ம பக்கத்துல நடந்த கதையாமா. யாரூட்டுக் கதைங்க?" என்று கேட்டாள்.

"தெரியலீங்க" என்றேன்.

அதுவரையில் எனக்குக் கோபமில்லை, கூச்சம்தான். கோபம் வந்தது அதற்கடுத்து. மேடையில் பெண்ணின் அண்ணனாக என் அண்ணனே வந்தார். கட்டுத்தறிப் பக்கமிருந்து ஓடி வந்தார். அப்பாவுக்கும் பெண்ணுக்கும் நடுவில் நின்று, "இது அவ பொறந்த ஊடு. அவ வெளிய நிக்கறதா இருந்தா நானும் வெளியதான் நிப்பேன்" என்று தொடங்கிப் பத்து நிமிஷம் பேசினார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நாடகம் இரண்டு மணி நேரம் ஓடியது. பாதிக்கு மேல் என்ன நடந்தது என்று பின்னால் பையன்களிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பாதிக்கும் சேர்த்துத்தான் நான் மதிப்பெண் போட்டேன்.

திரும்பி வரும்போது அண்ணன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டே நடந்தார். "நல்லா இருந்துச்சுங்ண்ணா" என்றேன். அதைவிட மோசமாக வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று தெரியவில்லை. வழக்கமாக ஒரு நாடகத்தைப் பற்றி மூன்று மைல் பேசிக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள்.

மறுநாள் மத்தியான இடைவேளையில் நூலகத்து மேசையிலேயே விமர்சனத்தை எழுதினேன். சொந்த அண்ணன் என்பதால் சாய்ந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டதை நினைத்தால் இப்போது கசக்கிறது. பாட்டுகள் அதிகம் என்று எழுதினேன். அது உண்மை. இரண்டாம் பாதி இழுவை என்று எழுதினேன். அதுவும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும், பையன்களே ஒத்துக்கொண்டார்கள். பிறகு எழுதினேன்: 'வீடு திரும்பும் பெண் பேசும் வசனம் நாடக ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து செய்தது. இப்படிப் பேசும் பெண் எந்த ஊரிலும் இல்லை. அண்ணன் பாத்திரம் நம்பும்படியாக இல்லை. நிஜ வாழ்க்கையில் இத்தகைய அண்ணன்கள் வாய் திறப்பதில்லை.'

எண்களைக் கூட்டினேன். முப்பத்தொன்று வந்தது. திரை அறுந்து விழுந்ததைவிடக் கீழே. ஒருமுறை தயங்கினேன். நடிப்புக்கு ஐந்து கூட்டலாமா என்று நினைத்தேன். கூட்டினால்தானே அது சாய்வு என்று அப்படியே மடித்துவிட்டேன்.

ஆசிரியர் படித்துப் பார்த்து, "ரொம்பக் காட்டமா இருக்குதேம்மா" என்றார். அந்த நாடகம் யாருடையது என்று அவருக்குத் தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை எழுதியவர் எனக்கு என்ன உறவு என்பது அவருக்குத் தெரியாது. நான் அண்ணனைப் பற்றி அவரிடம் பேசியதே இல்லை.

"நீங்கதானுங்களே பாரபட்சம் கூடாதுன்னு சொன்னீங்க" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

இதழ் வெளிவந்த அன்று நான் வேலையிலிருந்து திரும்பியபோது அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் பேயடித்த மாதிரி இருந்தது. எப்போதும் போல என்னிடம் நீட்டவில்லை. அப்பாதான் அவர் கையிலிருந்து வாங்கிப் படித்தார். நாடகத்தில் தன்னை என்னவாகக் காட்டியிருக்கிறான் என்று அவருக்கு ஊர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரமாக அண்ணனோடு பேச்சில்லை. இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். அம்மா அடுப்பைவிட்டு வெளியே வந்து நின்றாள்.

"கேட்டுக்க அம்மிணி" என்றார் அப்பா என்னைப் பார்த்து. "இப்படிப் பேசற பொம்பள எந்த ஊர்லயும் இல்லைன்னு போட்டிருக்கறான். அன்னிக்கு வாசல்ல நின்னு நீ பேசுனீல்ல, அதுவும் நாடகந்தான். பத்திரிகைக்காரனுக்குத் தெரிஞ்ச ஞாயம் இந்த ஊட்ல ஒருத்தருக்கும் தெரியல."

நான் சமையல் கட்டுக்குள் போய்விட்டேன். என் வாயால் சொன்னதை என் கையால் இல்லையென்று எழுதி, அதை அப்பா கையில் கொடுத்திருக்கிறேன். அழுகைகூட வரவில்லை. வெளியே அண்ணன், "போதுமுங்கப்பா" என்று சொன்னது கேட்டது. அப்பா எதிரில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்தடுத்துக் காரியங்கள் வேகமாக நடந்தன. பொள்ளாச்சியிலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் அந்த நாடகத்தைக் கேட்டிருந்த விழாக்காரர்கள், இந்த வருஷம் வேறு ஏற்பாடு செய்துவிட்டதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். நடிகை வேறு குழுவோடு போனாள். பையன்கள் ஒவ்வொருவராக ஒத்திகைக்கு வருவதை நிறுத்தினார்கள். நான் அச்சகத்துக்குப் போய், அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன்.

"நீங்க எழுதினதுல பொய் ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்றார் ஆசிரியர்.

யோசித்தேன். பாட்டு அதிகம்தான். இழுவைதான். அண்ணன்கள் வாய் திறப்பதில்லைதான். "இல்லீங்க" என்றேன்.

"அப்பறம் எதைத் திருத்தறது?"

பொய் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் ஊரில் இருக்கிறாள், இதோ உங்கள் எதிரில் நிற்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், யாருடைய கதை, யாருடைய அண்ணன், ஏன் எழுதினாய் என்று எல்லாம் வெளியே வரும். தேதிச் சீட்டுக் கட்டை வாங்கிக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பினேன்.

இரண்டு மாதத்தில் அண்ணன் ஊரைவிட்டுப் போனார். எங்கள் அம்மா வழியில் ஒரு மாமாவுக்கு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத் தோட்டம் இருந்தது. அங்கே மேற்பார்வைக்கு ஆள் தேவை என்று அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "வயல் வேலை அலுத்துப்போச்சு" என்பதுதான் அண்ணன் சொன்ன காரணம். போகும் அன்று என் தலையில் கை வைத்து, "வேலையை விட்ராத" என்றார். வருஷத்துக்கு ஒரு தடவை நோன்புக்கு வருவார், இரண்டு நாளில் கிளம்பிவிடுவார்.

மூன்று வருஷம் கழித்து, ஓர் ஆடி மாதம், அவருக்குக் காய்ச்சல் விடவில்லை என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கடிதம் போட்டார். அப்பாவுக்கு அப்போதே நடக்க முடியாது. நான் கல்லூரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி, மலையேறிப் போய்ச் சேர்ந்தேன். கீழே வெயில் காய்ந்தது. மேலே மழை விட்டபாடில்லை. செடிகளுக்கு மேலே பெரிய மரங்கள் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றன. பகலிலேயே விளக்கு வைக்க வேண்டிய இடம். அண்ணனின் அறை தகரக் கூரை போட்ட ஒன்று. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டி இருந்ததால் சுவர் மட்டும் சூடாக இருந்தது. சமைத்துப் போட வந்துகொண்டிருந்த ஒரு தோட்டத்து அம்மாள் என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா, எங்கய்யா தங்கச்சி நீங்கதானா? ரெண்டு நாளா கஞ்சி கூட இறங்கல. யார் பேரையும் சொல்லல, கெடையாக் கெடக்காரு" என்றாள்.

அவர் கம்பளிக்குள் சுருண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் போன நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்று காலை கஞ்சி குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"அண்ணா, உங்க நாடகத்துக்கு அந்த விமர்சனம் எழுதினது நானுங்க."

"தெரியும் அம்மிணி" என்றார்.

அவரே சொன்னார். இதழ் வந்த மறுநாள், யார் எழுதியது என்று கேட்டுச் சண்டை போடத்தான் அச்சகத்துக்குப் போயிருக்கிறார். ஆசிரியர் சாப்பிடப் போயிருந்தார். அச்சுக் கோப்பவரின் மேசையில் அந்தத் தாள் கிடந்தது.

"உன்ற எழுத்து எனக்குத் தெரியாதா? சிலேட்டுல கை புடிச்சு எழுதப் பழக்குனவன் நான். அப்படியே திரும்பி வந்துட்டேன்."

"ஏனுங்ண்ணா எங்கிட்டக் கேக்கல? ஒரு வார்த்த திட்டியிருக்கலாமில்லீங்க."

"என்னன்னு திட்டறது? அன்னிக்குக் கட்டுத்தறியில நின்னுட்டு நான் பேசல. பேச முடியாததத்தான் நோட்டுல எழுதினேன். மேடையிலயாவது பேசிப்போட்டா உனக்கு ஆறும்னு நெனச்சேன். நீ அது பொய்யின்னு எழுதிட்ட. பொய்தான். அதுக்கு மேல நான் என்ன கேக்கறது?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. மழை குறைந்தது. பிறகு நான் ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அதையெல்லாம் விட்டுருங்க. நான் உங்க தங்கச்சி இல்ல, நீங்க என்ற அண்ணன் இல்லைன்னு வெச்சுக்கங்க. நாடகம் நல்லா இருந்துச்சா, இல்லீங்களா?"

"எழுதினவனுக்கு எப்படித் தெரியும்? நடிச்சுட்டு வேற இருந்தேன். கை தட்டினாங்க. அது எல்லா நாடகத்துக்குந்தான் தட்டறாங்க." கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "நீதான் சொல்லோணும். உன்னையாட்டப் பாக்கறவங்க நம்ம பக்கத்துல யாரும் இல்ல. ஆனா அதை மட்டும் நீ பாக்க முடியாதில்ல."

நோட்டைக் கொடுங்கள், மறுபடி படித்துப் பார்க்கிறேன், இப்போது வேறு மாதிரி படிக்க முடியும் என்றேன். வந்த முதல் வருஷமே ஸ்டோர் அடுப்பில் விறகோடு போட்டுவிட்டதாகச் சொன்னார். ஈர விறகு பிடிக்காமல் புகைந்துகொண்டிருந்த நாளாம். சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும், ஞாபகத்திலிருந்ததைக் கொண்டு அந்த நாடகத்தைப் பற்றி இன்னொரு தடவை எழுதிப் பார்த்தேன். நடிகை ஏன் அவ்வளவு சத்தமாகப் பேசினாள் என்று இப்போது புரிந்தது. களத்தில் கடைசி வரிசை எண்பதடி தள்ளி இருந்தது. அண்ணன் பேசிய பத்து நிமிஷத்தையும் எழுதினேன். எழுத எழுத நாடகம் பெரிதாகிக்கொண்டே போனது. மதிப்பெண் போட்டால் தொண்ணூறு வரும்போல இருந்தது. அப்போதுதான் நிறுத்தினேன். முன்னது கோபம் போட்ட எண் என்றால், இது குற்றவுணர்ச்சி போடுகிற எண். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நாடகம் என்று ஒன்று இருந்திருக்கும். அதைப் பார்த்த சில நூறு பேரில் யாராவது அதை அப்படியே பார்த்திருக்கலாம். அவர்கள் யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்தவள் நான்தான். பிரதியும் எரிந்துவிட்டதால், அப்படி ஒரு நாடகம் நடந்ததற்கு இன்றைக்கு இருக்கும் ஒரே சாட்சியம் அந்த ஒன்றரைப் பத்தி.

அதற்குப் பிறகு ஒரே ஒரு விமர்சனம் எழுதினேன். அதன் தொடக்கத்தில், இந்த நாடகத்தின் கதாநாயகனின் சித்தப்பா நான் வேலை பார்க்கும் இடத்தில் பேராசிரியர், எனக்கு அன்று தலைவலி, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் இடப்பக்க மேடை சரியாகத் தெரியவில்லை, கதையில் வரும் மாமியார் எனக்கு வேண்டாத ஒருவரை நினைவூட்டினார் என்று நான்கு வரி எழுதியிருந்தேன். ஆசிரியர் அந்த நான்கு வரியையும் அடித்துவிட்டார்.

"இதையெல்லாம் யாரும்மா கேட்டாங்க? நாடகம் எப்படின்னுதானே கேக்கறாங்க" என்றார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மையான கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிவில், "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா அதை வேற ஆளுகிட்டக் குடுத்திருப்பனே" என்றார். பிறகு அவரே, "அந்த ஆளு காப்பி குடிச்சிருப்பான்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. நான் எழுதுவதை நிறுத்தினேன். எழுபதுகள் முடிவதற்குள் அவர் பத்திரிகையை நிறுத்திவிட்டு, அச்சகத்தையும் கொடுத்துவிட்டுப் பாலக்காட்டில் மகனோடு இருக்கப் போய்விட்டார்.

அப்பா இறந்தபோது அண்ணன் வந்தார். பதினாறாம் நாள் முடியும்வரை இருந்தார். அதற்கு மறுநாள் எங்கள் கல்லூரியில் ஆண்டு விழா. மாணவர்கள் பகல் மூன்று மணிக்குத் தமிழில் ஒரு நாடகம் போட்டார்கள். வீட்டில் அடைந்து கிடக்கிறாரே என்று, துக்க வீடு என்றும் பாராமல், "வாங்கண்ணா, ஒரு நாழி உக்காந்துட்டு வருவோம்" என்று கூட்டிப்போனேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. பின்வரிசையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். மோசமான நாடகம் அது. ஒரு பையன் ஒட்டுமீசை கழன்று விழுந்து, அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அழுதான். பழைய அண்ணனாக இருந்தால் பஸ் ஸ்டாண்டு வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். அந்தப் பையன் நன்றாகச் செய்த ஒரே இடத்தையும் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்.

"எப்படீங்ண்ணா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பொள்ளாச்சி பஸ் எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.